மின்சாரத்தின் வாய்த்தலை

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கு நோக்குவார்க்குக் காவிரியும், அதற்கப்பால் திருவரங்கத் தீவும், அத்தீவின் நடுவே ஒன்றன்பின் ஒன்றாய் உயர்ந்த கோபுரங்களும் தோன்றும். தெற்கே 13 நிலைகளோடு நிற்கும் இராச கோபுரம், நெடுங்காலம் குறையாய்க் கிடந்து, 1987-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. கோபுரக் காட்சியில் மனத்தைப் பறிகொடுத்தவர், மலைக்குத் தெற்கே நகரின் ஊடே வளைந்து செல்லும் உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பெரும்பாலும் பாராமலே இறங்கிவிடுவர். சோழர் காலத்தது எனப் போற்றப்படும் அவ்வாய்க்கால், நகருக்கு மேற்கே பேட்டைவாய்த்தலையில் காவிரியினின்று பிரிந்து, கிழக்கே திருவெறும்பூரை அடுத்த வாழவந்தான்கோட்டை ஏரியிற் சென்று முடிகின்றது.

பேட்டைவாய்த்தலை என்னும் ஊர்ப்பெயரிலேயே ஓர் அரிய சொல் அமைந்துள்ளது. ஆற்றுநீர் வாய்க்காலுக்குள் புகும் இடத்திற்கு வாய்த்தலை என்பது பெயர். வாய்க்காலின் இயல்பை அறிந்த உழவர் இரண்டு இடங்களைப் பற்றியே மிகுதியும் பேசுவர்: ஒன்று வாய்த்தலை, மற்றொன்று கடைமடை. வாய்த்தலை தூர்ந்தால் வாய்க்கால் முழுதும் வறளும். வாய்த்தலை செம்மையாய் இருந்தும் வழி நீண்டால் கடைமடைக்கு நீர் குறையும்.

அவ்வாய்க்கால் முடியும் திருவெறும்பூர்ப் பகுதியிலேயே வேறொரு வகை வாய்க்காலும் உண்டு. அது தரையில் ஓடுவதன்று. தொழிற்கூடங்களின் சுவரோரமாக உயரத்தில் ஓடுவது. அதில் பாய்வது நீரன்று, மின்சாரம். அதற்கும் வாய்த்தலை உண்டு, கடைமடையும் உண்டு.

திருச்சிராப்பள்ளி கோயில்களாற் பெயர் பெற்றது போலவே பெருந்தொழில்களாலும் பெயர் பெற்றது. நாகப்பட்டினத்தில் இயங்கிவந்த தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1928-ஆம் ஆண்டளவில் பொன்மலைக்கு மாறியது. நீராவி இஞ்சின்களும், பின்னர் டீசல் இஞ்சின்களும் அங்கே பிரித்துச் செப்பம் செய்யப்பட்டன. திருவெறும்பூரில் செக்கோசுலோவாக்கிய நாட்டின் துணையோடு எழுந்த உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை 1965-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிற்று. பாரத மிகுமின் நிறுவனத்தைச் சார்ந்த அத்தொழிற்சாலையில், அனல் மின்நிலையங்களுக்கு வேண்டிய கொதிகலன்களின் உறுப்புகள் ஆக்கப்படுகின்றன. பெரிய கொதிகலனின் நீராவிக் கலம் ஒன்றே 100 டன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. டீசல் இரயில் இஞ்சினும் ஏறத்தாழ அத்தகைய எடையதே. இவற்றை நூறு பேர் சேர்ந்து தள்ளினும் நகர்த்தல் அரிது. ஒரே ஒருவர் பொத்தானை அழுத்த, இவை தரையைவிட்டு எழுந்து, கூடத்தின் ஒருகோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்கின்றன. இதனைச் செய்வது பாரந்தூக்கி. தொழிலாளர் அதனைக் கிரேன் என்றே வழங்குவர்.

கூடத்தின் இருபுறத்து நீண்ட சுவர்களை ஒட்டி, தூண்களின்மேல் தண்டவாளங்கள் அமைந்திருக்கும். அவற்றின் குறுக்கே பாலம்போல் ஓர் எஃகு உத்திரம் உருளைகளின்மேல் நின்று முன்னும் பின்னும் ஓடும். உத்திரத்தின்மேல் ஒரு சிறு வண்டி இடமும் வலமும் நகரும். வண்டியிலிருந்து எஃகுக் கயிறும் கொக்கியும் தொங்கும். இம்மூன்று இயக்கத்திற்கும் மின்சார மோட்டார்களே ஆற்றல் தருவன. இங்கேதான் ஒரு வினா எழுகின்றது. நிலையாய் ஓரிடத்தில் இருக்கும் எந்திரத்திற்குக் கேபிள் ஒன்றை இழுத்து இணைத்துவிடலாம். நூறு மீட்டர் தொலைவு நாள்தோறும் நடந்து திரியும் எந்திரத்திற்கு மின்சாரம் தருவது எங்ஙனம்?

குறுகிய தொலைவாயின், திரைச்சீலைபோல் மடிந்து விரியும் கேபிளைத் தொங்கவிடலாம். நெடுந்தொலைவிற்கு அது பொருந்தாது; கேபிள் மடிந்து மடிந்து தேயும். ஆதலின், சுவரோரமாக மின்கடத்திகளை நீளநெடுகப் பொருத்தி, கிரேனிலிருந்து நீளும் கைகள் அவற்றைத் தொட்டுக்கொண்டே செல்லுமாறு அமைத்தனர். பல தொழிற்கூடங்களில் அக்கடத்திகள் பீங்கான் காப்புகளின்மேல் நிறுத்திய இரும்புக் கோணச் சட்டங்களாகவே இருந்தன. பணிமனைகளில் இவற்றை டி.எஸ்.எல். என்பர். மேலுறை ஏதுமற்ற அவ்விரும்புச் சட்டங்களில் 415 வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரம் எப்பொழுதும் நிற்கும். ஓடும் நீரைக் கண்ணாற் காணலாம். சட்டத்தில் நிற்கும் மின்சாரத்தைக் காண இயலாது. கூரையைச் செப்பம் செய்ய ஏறியவர், விளக்கு மாற்ற ஏறியவர், சுவருக்கு வெள்ளையடிக்க ஏணி சார்த்தியவர் எனப் பலருக்கும் அது கூற்றமாய் நின்றது.

திறந்த மின்தடம் தீங்கு தரும் என்பதை உலகம் நெடுநாட்களுக்கு முன்பே அறிந்தது. செருமனியில் 1879-ஆம் ஆண்டில் பெர்லின் பொருட்காட்சியில் சீமென்ஸ் நிறுவனத்தார் ஒரு சிறு மின்வண்டியை ஓட்டிக் காட்டினர். அதற்கு மின்சாரம் தந்தது இரு தண்டவாளங்களுக்கும் நடுவே இட்ட மூன்றாம் சட்டம். 1881-ஆம் ஆண்டில் பெர்லினை அடுத்த லிக்டர்பெல்டில் அவர்களே மின்சார டிராம் ஓட்டினர். அங்கே வண்டி ஓடும் தண்டவாளங்களிலேயே மின்சாரத்தைச் செலுத்தினர். பாதையைக் கடந்த மாந்தரும் குதிரைகளும் மின்னதிர்ச்சியுற்றுத் துன்புற்றமையால் அம்முறை நிலைக்கவில்லை.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1895-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் மின்சார டிராம் சென்னையில் ஓடியது. அப்பொழுது தலைக்குமேல் கம்பி கட்டவில்லை. தெருவின் அடியில் ஒரு நீண்ட கால்வாய் அமைத்து, அதனுள் மின்கடத்திகளை வைத்து மூடி, மேலே ஒரு குறுகிய பிளவு மட்டும் விட்டனர். வண்டியின் அடியிலிருந்து இறங்கிய கை, அப்பிளவின் வழியே உள்ளே சென்று கடத்தியைத் தொட்டது. எவர் காலிலும் மின்சாரம் படாத நல்ல ஏற்பாடுதான். ஆயினும் பிளவின் வாய் மேல்நோக்கி இருந்தது. வடகிழக்குப் பருவமழையில் தெருநீரும் சேறும் அதனுள் இறங்கின. சில ஆண்டுகளில் அதனைக் கைவிட்டுத் தலைக்குமேற் கம்பிக்கு மாற நேர்ந்தது. சென்னை டிராம் 1953-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. கடத்தியை மூடவேண்டும் என்று எண்ணியது பிழையன்று. வாயை எத்திசையில் வைப்பது என்பதிலேதான் பிழை.

இன்றைய தொழிற்கூடங்களில் காணும் மூடிய மின்தடத்தில் அவ்வாய் கீழ்நோக்கி இருக்கின்றது. பி.வி.சி. என்னும் செயற்கைப் பொருளாலான நீண்ட கூடு ஒன்றைக் கவிழ்த்துவைத்த தொட்டிபோல் அமைத்து, அதனுள் நான்கோ ஐந்தோ செம்புப் பட்டைகளைத் தனித்தனிப் பள்ளங்களில் பதித்திருப்பர். ஒவ்வொரு கடத்திக்கும் தனித்தனி உறையிட்ட வகையும் உண்டு. மிகுந்த மின்னோட்டம் வேண்டுமிடத்து அலுமினியச் சட்டத்தின் முகத்தில் துருவேறா எஃகுத் தகடு பொருத்திய தடங்களைக் கொள்வர். கூட்டின் அடிப்புறத்துப் பிளவு, மனிதர் விரல் உள்ளிருக்கும் உலோகத்தை எட்டாதவாறு குறுகலாய் இருக்கும். தூசி மிகுந்த இடங்களில் அப்பிளவின் இருபுறமும் இரப்பர் இதழ்களை வைப்பர். கிரேனின் கை செல்லுமிடத்து அவை விலகி, அது கடந்தபின் மீண்டும் சேர்ந்துகொள்ளும். அக்கையின் நுனியில் வில்லின் விசையால் அழுத்தப்பட்ட கரித்துண்டு ஒன்று கடத்தியைத் தடவிக்கொண்டே செல்லும். தேயவேண்டியது அக்கரித்துண்டே, கடத்தியன்று. தேய்ந்த கரியை மாற்றுவது எளிது. நூறு மீட்டர்க் கடத்தியை மாற்றுவது எளிதன்று.

இனி, இத்தடத்திற்கு மின்சாரம் வந்து சேரும் வாய்த்தலையைக் காணலாம். பிரிப்புப் பலகையிலிருந்து புறப்பட்ட தடித்த கேபிள் சுவரேறி வந்து, தடத்தில் பொருத்திய ஒரு பெட்டிக்குள் நுழையும். அப்பெட்டியினுள்ளே கேபிளின் கம்பிகள் தடத்தின் கடத்திகளோடு திருகாணிகளால் பிணைக்கப்படும். கூடத்திலுள்ள கிரேன்கள் உண்ணும் மின்சாரம் முழுவதும் உள்ளங்கையளவான அவ்விணைப்புகளின் வழியே செல்லவேண்டும்.

முதலில் அதனை எவ்விடத்தில் வைப்பது என்பதே ஆராயத்தக்கது. கடத்தி எத்துணைச் சிறந்ததாயினும் அதற்குச் சிறிது தடையுண்டு. நீளம் மிகுந்தோறும் தடையும் மிகும். தடை மிகுந்தோறும் மின்னழுத்தம் குறையும். தொலைவிலுள்ள கிரேன் கடைமடை உழவர் போலக் குறைந்ததைப் பெற்று இடர்ப்படும். மோட்டாரின் திருகுவிசை மின்னழுத்தத்தின் இருபடியைச் சார்ந்தது. ஆகவே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், திருகுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பாரத்தைத் தூக்கிய நிலையில் இக்குறைவு நேர்வது நன்றன்று.

120 மீட்டர் நீளமுள்ள ஒரு தடத்தை எண்ணுக. அதில் ஒரு கிரேன் ஓடுகின்றது. கேபிளை ஒருகோடியில் இணைத்தால், கிரேன் மறுகோடிக்குச் செல்லும்பொழுது மின்சாரம் 120 மீட்டர் கடந்து செல்லவேண்டும். நடுவில் இணைத்தால் எப்பக்கம் சென்றாலும் 60 மீட்டருக்கு மேற்படாது. ஒரு செலவும் கூட்டாமலே இழப்பு பாதியாயிற்று. இருகோடியிலும் இணைத்தால் என்னாகும்? கிரேன் நடுவில் நிற்கும்பொழுதுதான் மிகுந்த இழப்பு. ஆயினும் அங்கே இருபுறத்து 60 மீட்டர் வழிகளும் சுமையைப் பகிர்ந்துகொள்வதால், அஃது 30 மீட்டர் வழிக்கு ஒப்பாகும். இதனினும் நுட்பமான வழி ஒன்றுண்டு. ஒவ்வொரு கோடியிலிருந்தும் ஆறில் ஒரு பங்கு உள்ளே, அஃதாவது 20 மீட்டர் தள்ளி, இரண்டு வாய்த்தலைகளை வைக்கவேண்டும். கிரேன் கோடியில் நின்றால் அருகிலுள்ள வாய்த்தலையிலிருந்து 20 மீட்டர். இரு வாய்த்தலைகளின் சரிநடுவே நின்றால் இருபுறமும் 40 மீட்டர். அவ்விரண்டும் பகிர்ந்துகொள்ள, அதுவும் 20 மீட்டருக்கு ஒப்பாகும். எங்கே நின்றாலும் 20-ஐ மிஞ்சாது. ஆறில் ஒரு பங்கு என்னும் அளவு எங்கிருந்து வந்தது என்று வியப்பவர், தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பள்ளிக் கணக்கே போதும்.

எனினும் இரண்டு வாய்த்தலைகளுக்கு இரண்டு கேபிள்கள் வேண்டும். அவை நீளத்தாலும் பருமனாலும் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்றில் எந்த ஃபேஸ் எந்தக் கடத்தியோடு சேர்ந்ததோ, மற்றதிலும் அதுவே சேரவேண்டும்; மாறினால் இரண்டு ஃபேஸ்கள் மோதி நெருப்பெழும். இரண்டில் ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு, தடம் உயிரற்றுவிட்டது என்று கை வைப்பவர் உயிரை இழப்பர். ஆகவே கூடம் பெரிதன்றாயின், நடுவே ஒரு வாய்த்தலை வைப்பதே சாலும்.

இணைப்பு எத்தன்மையதாய் இருக்கவேண்டும் என்பதே இப்பணியின் உயிர்நிலை. மின்னோட்டத்தின் இருபடியைத் தடையாற் பெருக்கக் கிடைப்பது வெப்பம். ஓர் இணைப்பின் தடை ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கே எனக் கொள்க. 100 ஆம்பியர் செல்லும்பொழுது அங்கே 10 வாட் வெப்பம் எழும், சிறிதென்று விட்டுவிடலாம். 200 ஆம்பியர் செல்லும்பொழுது 40 வாட் எழும். வானொலிப் பெட்டி செப்பனிடுவோர் ஈயம் உருக்கும் பற்றுக்கோலின் வெப்பம் அவ்வளவினதே. கட்டைவிரல் அளவான ஒரு திருகாணியடியில், மூடிய பெட்டிக்குள், காற்றுப் புகாத இடத்தில் அவ்வெப்பம் தங்கினால் விளைவு கூறவேண்டுவதில்லை. வெப்பத்தால் உலோகம் விரிந்து, குளிருங்கால் சுருங்கி, திருகு நெகிழும். நெகிழ்ந்த இடத்தில் காற்றுப்பட்டுக் கறை படியும். கறையால் தடை பெருகும். தடை பெருக வெப்பம் பெருகும். நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். ஒருநாள் காப்புறை உருகிக் கூடு கருகும்வரை கீழே நிற்பவர் எவரும் அதனை அறியார்.

ஆதலின் கைதேர்ந்த மின்பணியாளர், கம்பிகளை வெறுமனே முறுக்கித் திருகின்கீழ்ச் செருகார். உள்ளிருக்கும் மெல்லிழைகளில் ஒன்றும் அறுபடாமல் காப்புறையை அளவாய்ச் சீவி, இழைகள் அனைத்தையும் லக் என்னும் உலோகக் காதுக்குள் செலுத்தி, அதற்கென அமைந்த கருவியால் இறுக நசுக்குவர். நசுக்கியபின் இழுத்துப் பார்ப்பர். கேபிள் அலுமினியமும் கடத்தி செம்புமாயின் மேலும் கருத்து வேண்டும். அலுமினியத்தின்மேல் காற்றுப்பட்ட உடனே மின்சாரத்தைத் தடுக்கும் மெல்லிய படலம் படியும். ஈரமும் சேர்ந்தால் செம்பும் அலுமினியமும் தொட்ட இடம் அரிக்கும். அவ்விடத்தில் ஒருபுறம் அலுமினியமும் மறுபுறம் செம்புமாய் ஒட்டியமைத்த லக்கினைக் கொள்வதே முறை. பின்னர், தடத்தை ஆக்கியோர் விதித்த இறுக்க அளவிற்கு, அளவு காட்டும் ஸ்பேனரால் திருகவேண்டும். வலிமையெல்லாம் காட்டி முறுக்குவது வீரமன்று. மெல்லிய செம்பு நசுங்கி, நாளடைவில் தானே நெகிழும்.

கேபிளின் எடை இணைப்பின்மேல் தொங்கலாகாது. பெட்டிக்கு வெளியே அதனைச் சுவரோடு பட்டையிட்டுப் பிணைத்து, பெட்டியின் வாயில் கிளாண்டு என்னும் கழுத்துப்பட்டையால் இறுக்குவர். அக்கழுத்துப்பட்டைக்கு வேறொரு பயனும் உண்டு. கொதிகலன் ஆக்கும் கூடத்தில் இரும்பைச் சாணையிடும் துகள் எந்நேரமும் பறந்துகொண்டிருக்கும். இரும்புத்துகள் மின்சாரத்தைக் கடத்துவது. அது பெட்டிக்குள் படிந்தால் கடத்திக்கும் கடத்திக்கும் பாலமிட்டுவிடும்.

திருச்சிராப்பள்ளியின் வெயிலையும் மறத்தலாகாது. கத்திரி நாட்களில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் ஊர் இது. தகடு வேய்ந்த கூரையடியில் வெப்பம் இன்னும் மிகும். 100 மீட்டர்ச் செம்பு, 30 பாகை வெப்பம் ஏறினால், 50 மில்லிமீட்டர் அளவு நீளும். எஃகுத் தண்டவாளம் 36 மில்லிமீட்டரே நீளும். பி.வி.சி. கூடோ செம்பினும் நான்கு மடங்கு நீளக்கூடியது. ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று பொருள்கள் மூன்று விதமாய் நீளுமாயின், அவற்றை ஒரே ஆணியில் அறைந்துவைத்தல் தகாது. ஆகவே தடத்தை ஓரிடத்தில் மட்டும் அசையாமல் நிறுத்தி, ஏனைய இடங்களில் வழுக்கிச் செல்லும் கொளுவிகளில் தொங்கவிடுவர். நெடுந்தடமாயின் இடையிடையே விரிவு இணைப்புகளும் வைப்பர். வாய்த்தலையை அந்த அசையா இடத்தினருகே வைத்தால் கேபிள் இழுபடாது. அஃது இயலாதவிடத்து, வளையத்தக்க மெல்லிழைக் கேபிளைச் சிறிது தளர்வோடு விடுவது வழக்கம்.

மூன்று ஃபேஸ்களின் வரிசை மாறினால் நேரும் தீங்கு தனியே கூறத்தக்கது. மூன்றில் எவையேனும் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையிற் சுழலும். இயக்குபவர் ஏற்றும் பொத்தானை அழுத்த, கொக்கி இறங்கும். இறக்கும் பொத்தானை அழுத்த, ஏறும். இது வெறும் தடுமாற்றமாய் நின்றுவிடுமாயின் கேடில்லை. கொக்கி உச்சிக்கு வந்தவுடன் மோட்டாரை நிறுத்தும் எல்லைச் சுவிட்சு ஒன்று கிரேனில் உண்டு. அஃது ஏற்றும் பொத்தானின் வழியை மட்டுமே துண்டிக்கும். இப்பொழுதோ கொக்கியை ஏற்றுவது இறக்கும் பொத்தான். ஆகவே எல்லைச் சுவிட்சு தன் வேலையைச் செய்தும் பயனில்லை. கொக்கி உச்சியில் மோதி, எஃகுக் கயிறு அறுந்து, கீழே நிற்பவர்மேல் விழலாம். மேலே ஒரு பெட்டியில் இரண்டு கம்பிகள் இடம் மாறியதால் கீழே ஓர் உயிர் போகின்றது. இதனாலேயே கேபிளின் முனைகளுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என அடையாள நிறமிடுகின்றனர். நிலத்தொடர்புக் கம்பிக்குப் பச்சை நிறம் உரியது. நிறத்தை நம்பியதோடு நில்லாமல், வரிசை காட்டும் கருவியைக் கொண்டும் சோதிப்பர்.

இப்பணி தொடங்குமுன் செய்யவேண்டிய ஒன்றுண்டு. திருவரங்கத்தில் சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் வலம்வரும் காட்சியைக் கண்டவர் பலர். தமிழகத்தில் தேர் நகரும் நாட்களில், அது செல்லும் வீதிகளின் மின்னோட்டத்தை நிறுத்திவைத்தல் வழக்கம். அவ்வழக்கத்தின் அருமையை, 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் நேர்ந்த துயரம் உணர்த்திற்று. திருவிழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரச, 11 பேர் மாண்டனர். கம்பி உயரத்தில் இருக்கின்றது, தேர் தாழ்வாய் இருக்கின்றது என்னும் மதிப்பீடு ஒரு கணத்தில் பொய்த்தது.

தொழிற்கூடத்திலும் முதற்செயல் மின்சாரத்தை நிறுத்துவதே. சுவிட்சை இறக்கிவிட்டு வருவது போதாது. அதனை வேறொருவர் அறியாமல் ஏற்றிவிடக்கூடும். சுவிட்சிலே பூட்டிட்டு, 'ஆட்கள் பணி செய்கின்றனர்' என்னும் பலகை தொங்கவிட்டு, திறவுகோலைப் பணியாளரே தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும். நால்வர் பணி செய்தால் நான்கு பூட்டுகள். நால்வரும் இறங்கி வந்து தத்தம் பூட்டைத் திறந்தாலன்றி மின்சாரம் வாராது. அதன்பின் சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் உள்ள ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்வதைக் கண்டு, பின்னர்த் தடத்தில் வைத்து மின்சாரம் இல்லாமையைக் கண்டு, மீண்டும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். கருவியே கெட்டிருந்தால் இருப்பதையும் இல்லையென்று காட்டுமன்றோ? முதன்முறை இதனைக் காண்பவர்க்கு வீண்வேலையாய்த் தோன்றலாம். அனுபவமுடையார் எவரும் அவ்வாறு கூறார்.

அதே தண்டவாளத்தில் ஓடும் மற்றொரு கிரேனையும் தடுத்து நிறுத்தவேண்டும். கிரேன் பாதையில் ஆள் பணி செய்யுங்கால், அவ்விடத்திற்கு 6 மீட்டருக்குள் கிரேன் நெருங்காதவாறு தடுக்கவேண்டும் என 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. ஏணியில் நிற்பவர்க்கு மின்சாரம் ஒரு பகை. சத்தமின்றி உருண்டுவரும் எஃகு உத்திரம் மற்றொரு பகை.

இணைப்பு முடிந்தபின், பெட்டியை மூடுமுன், கிரேனின் கைகளைத் தடத்தினின்று விலக்கிவிட்டு, மெக்கர் என்னும் கருவியால் காப்பினைச் சோதிப்பர். கடத்திக்கும் கடத்திக்கும் இடையிலும், ஒவ்வொரு கடத்திக்கும் நிலத்திற்கும் இடையிலும் மின்சாரம் கசிகின்றதா என்பதை அது காட்டும். நிலத்தொடர்புக் கடத்தியின் இணைப்பைத் தனியே பார்ப்பர். ஏனைய மூன்றில் ஒன்று அறுந்தால் மோட்டார் முனகிக் காட்டிக்கொடுக்கும். நிலத்தொடர்பு அறுந்தால் யாதொரு குறியும் தோன்றாது. கிரேன் முன்போலவே ஓடும். என்றேனும் ஒருநாள் மோட்டாரில் கசிவு ஏற்பட்டு, கொக்கியைத் தொட்டவர் வீழ்ந்தபொழுதுதான் அது வெளிப்படும்.

எல்லாம் செவ்வையாயின் கருவிகளை எண்ணி எடுத்துக்கொண்டு இறங்குவர். பெட்டிக்குள் மறந்துவிட்ட ஒரு ஸ்பேனர் செய்யக்கூடிய கேடு சிறிதன்று. பூட்டுகள் திறக்கப்பட்டு மின்சாரம் ஏறும். முதலில் பாரமில்லாக் கொக்கியையே தரையினின்று ஒரு முழம் ஏற்றி இறக்கித் திசை சரியா என்று காண்பர். அடுத்து அதனை மெல்ல உச்சிக்குச் செலுத்தி, எல்லைச் சுவிட்சு தடுக்கின்றதா என்று பார்ப்பர். மின்சாரம் திடீரென நின்றால், வில்லின் விசையால் பிரேக்கு தானே பற்றிக்கொள்ளும் வண்ணம் கிரேன்கள் அமைந்திருக்கும். அதனையும் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பர். பின்னர் உத்திரத்தைக் கூடத்தின் இருகோடிக்கும் ஓட்டி, கரித்துண்டுகள் இடையில் எங்கேனும் பொறி சிந்துகின்றனவா என்று கீழிருந்து அண்ணாந்து நோக்குவர். அதன் பின்னரே பாரம் மாட்டப்படும்.

சில நாட்கள் பாரத்தோடு ஓடியபின் ஒருவர் மீண்டும் அவ்வாய்த்தலைக்கு ஏறிச்செல்வார். வெப்பத்தைத் தொலைவிலிருந்தே காட்டும் படக்கருவியை இப்பொழுது பல தொழிற்கூடங்களில் பயன்படுத்துகின்றனர். கேபிள்கள் வேலை செய்துகொண்டிருக்கும்பொழுதே, அதில் மூன்று இணைப்புகளும் ஒரே நிறமாய்த் தோன்றினால் கவலையில்லை. ஒன்று மட்டும் வெண்மையாய்த் துலங்கினால், மறுபடியும் சுவிட்சில் பூட்டிட்டு, அந்தத் திருகாணியைக் கழற்றிப் பார்க்கத் தொடங்குவார்.